பொது ஐபி இல்லாத வீட்டுக்கு எஃப்ஆர்பி

ஹட்டன் பக்கம் 4ஜி ரவுட்டரை நம்பி இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும்: பல இணைப்புகளில் நமக்கென்று பொது ஐபி (வெளியிலிருந்து நேரே தொடர்புகொள்ளக்கூடிய இணைய முகவரி) கிடையாது, அதனால் கொழும்பில் இருந்துகொண்டு வீட்டு லினக்ஸ் கணினிக்குள் நுழைய வழியே இல்லை. அதற்கு எஃப்ஆர்பி (frp) அருமையான மருந்து. கோ மொழியில் எழுதிய இலவச மென்பொருள். பொது ஐபி உள்ள வாடகை சேர்வரில் அதன் சேர்வர் பகுதியான எஃப்ஆர்பிஎஸ், வீட்டில் அதோடு இணையும் எஃப்ஆர்பிசி, அவ்வளவுதான். சேர்வரில் 7000ஆம் போர்ட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் ஒரே டோக்கனை (ரகசியச் சொல்லை)ப் போட்டு, வீட்டுக் கணினியின் 22ஆம் போர்ட்டைச் சேர்வரில் 6000 என்று காட்டினால், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வேலை செய்யும்.

ஆனால் ஒன்று, இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. மழைக்குக் கரண்ட் போய்த் திரும்பும்போது ரவுட்டர் சிக்னல் பிடிப்பதற்குள் கணினி எழும்பிவிடும், எஃப்ஆர்பிசி ஒரு தடவை சேர்வரைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்றதும் மூடிக்கொண்டு போய்விடும். எஃப்ஆர்பிசியின் அமைப்புக் கோப்பில் 'லாகின் ஃபெயில் எக்ஸிட்' (loginFailExit) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், இணைப்பு வரும்வரை விடாமல் முயலும்.

அப்புறம், டோக்கன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது எஃப்ஆர்பிசி சேர்வரோடு இணைவதற்குத்தான் காவல், 6000ஆம் போர்ட் ஊருக்கே திறந்த கதவு, எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு மட்டும் வையுங்கள். எல்லாத் தரவும் சேர்வரைச் சுற்றித்தான் வரும் என்பதால் வாடகை சேர்வரைத் தொலைவான ஐரோப்பாவை விட, பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் எடுப்பது நல்லது. எஃப்ஆர்பி 0.52 பதிப்பு முதல் அமைப்புக் கோப்பு டொம்ல் (TOML) வடிவம், பழைய ஐஎன்ஐ (INI) வடிவ வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.