ரிஜிஸ்டர பாக்குறதா, மூலையில உக்காந்து பாக்குறதா? டிமென்ஷியா ஹோம் தேடுறவங்களுக்கு

அப்பாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய் முத்திப்போய், பாம்பன் வீட்டுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு மீன்புடி போட்டுக்குப் போறேன்னு கெளம்ப ஆரம்பிச்சதும்தான் ஹோம் தேடுனோம். மதுரையில ரெண்டு இடம் பாத்தோம். கவனிப்பு எப்படின்னு அளக்க ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் செஞ்சு பாத்துட்டுதான் சொல்றேன்.

ஒன்னு ரிஜிஸ்டர். எத்தன பேரு விழுந்தாங்க, படுக்கைப்புண் எத்தன பேருக்கு, மாசாமாசம் எடை என்ன, ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தன ஆளு. இதெல்லாம் கேக்கணும், கேட்டா காட்டணும், அவ்வளவுதான்.

இன்னொன்னு உக்காந்து பாக்குறது. இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல டாம் கிட்வுட் தொடங்கி வச்ச டிமென்ஷியா கேர் மேப்பிங்னு ஒரு முறை இருக்கு. பயிற்சி எடுத்தவங்க ஹால்ல உக்காந்து நாலஞ்சு பேர மணிக்கணக்கா கவனிப்பாங்க, 5 நிமிஷத்துக்கு ஒருக்கா அவங்க என்ன செய்றாங்க, மொகம் எப்படி இருக்குன்னு குறிச்சு +5ல இருந்து -5 வரைக்கும் மார்க் போடுவாங்க. எனக்கு அந்தப் பயிற்சி இல்ல, ஒரு நோட்டும் வாட்சும் வச்சு ஒவ்வொரு ஹோம்லயும் ஒரு மத்தியானம் அதே மாதிரி உக்காந்தேன், அதுலயே முடிவு தெரிஞ்சிருச்சு.

மொத ஹோம்ல ரிஜிஸ்டர் சுத்தம், யாரும் விழல, யாரும் கத்தல. ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒரு தாத்தா பக்கத்துல ஒருத்தரும் வந்து ஒரு வார்த்த பேசல, அவரு தல தொங்கியே கெடந்தாரு. இங்கதான் விஷயமே இருக்கு. மயங்கிக் கெடக்க வைக்கிற மாத்திரை குடுத்துட்டா எந்திரிக்க மாட்டாங்க, விழ மாட்டாங்க, சண்ட போட மாட்டாங்க, ரிஜிஸ்டர்ல எல்லாமே நல்லதாத் தெரியும். டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு ஆன்டிசைக்காட்டிக்னு சொல்ற மனநோய் மருந்து குடுத்தா சாவு கூடுதுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005லயே எச்சரிக்கை போட்டுச்சு, அங்க எத்தன பேருக்கு அந்த மருந்து ஓடுதுங்கறதையும் ஹோமோட தரத்துக்கு ஒரு அளவா வச்சிருக்காங்க. அதனால மருந்துச் சீட்டக் கேட்டு வாங்கிப் பாருங்க, எதுக்கு, எத்தன நாளைக்குன்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. கட்டி வச்சிருக்காங்களான்னும் பாருங்க. 2001 ஆகஸ்ட் 6ல நம்ம ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கெடந்தவங்க தீயில மாட்டி 28 பேரு போனாங்க, அவங்க மனநல நோயாளிங்கதான், ஆனாலும் நாற்காலியோட சேத்து ஒரு துணி கட்டியிருந்தாக்கூட எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வருது.

ரெண்டாவது ஹோமுக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனோம். போர்வை ஓரத்தப் புடிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தாரு, வீட்டுலயும் அப்படித்தான். மொத இடத்துல இருந்த ஆளா இருந்தா புடுங்கி மடிச்சு வச்சிருப்பாரு. இங்க வேல பாக்குற அக்கா குனிஞ்சு, "அய்யா, என்ன வலை பின்னுறீக?"ன்னு கேட்டுச்சு. "நண்டு வலை"ன்னாரு அப்பா. நாலு நாளைக்கப்புறம் அவரு வாயில இருந்து வந்த மொத பேச்சு. மறுநாள் அந்தக்கா ஒரு நைலான் கயிறு கொண்டாந்து குடுத்துச்சாம். நான் நோட்டுல +5 போட்டேன்.

அங்கயேதான் சேத்தோம். ஆனா நான் பாத்தது பகல்ல, ஹால்ல மட்டும். குளிக்க வைக்கிறது, ராத்திரி டயப்பர் மாத்துறதெல்லாம் உக்காந்து பாக்க முடியாது, அதுக்கு ரிஜிஸ்டர் வேணும். எனக்கு ரெண்டு ஹோம் அனுபவம்தான். இப்ப மாசத்துல ரெண்டு தடவ சொல்லாம கொள்ளாம போறேன், எடையப் பாத்துட்டு, அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு படுக்கைப்புண் இருக்கான்னு முதுகையும் குதிகாலையும் நானே பாத்துருவேன்.