விளம்பரதாரரா, வாசகரா, நிருபரா: தொழில்நுட்ப இதழ் யாரை நம்பிப் பிழைக்கிறது?

2024 ஆகஸ்ட் 30 அன்று ஆனந்த்டெக் மூடப்பட்டது. 1997இல் ஆனந்த் லால் ஷிம்பி என்ற பதினான்கு வயதுச் சிறுவன் தொடங்கிய தளம் அது. புதிய பிராசசர் ஒன்று சந்தைக்கு வந்தால் அதன் உள்ளமைப்பு, கேஷ் நினைவகம், மின்நுகர்வு என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பல பக்கங்களுக்கு எழுதுவார்கள். அதைத் தயாரித்த பொறியாளர்களே தேடிப் படித்தார்கள். தரம் குறைந்ததால் அந்தத் தளம் மூடப்படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2014இல் பர்ச் நிறுவனத்துக்கும், 2018இல் ஃப்யூச்சர் நிறுவனத்துக்கும் கைமாறி, ஏராளமான தளங்களை வைத்திருக்கும் ஒரு பதிப்பகத்தின் கணக்கில் ஒரு வரியாக அது சுருங்கிவிட்டது. அந்த வரியில் வரவு போதவில்லை.

அப்படியானால் நல்ல தொழில்நுட்ப எழுத்துக்கு யார் பணம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் தேடிய மூன்று இதழ்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: லினக்ஸ் ஜர்னல், எல்டபிள்யூஎன், 404 மீடியா. முதல் இரண்டும் லினக்ஸ் இயங்குதளம் என்ற ஒரே துறையைப் பற்றி, ஏறத்தாழ ஒரே வாசகருக்காக எழுதியவை. எனவே ஒன்று விழுந்ததற்கும் மற்றொன்று நின்றதற்கும் காரணத்தைத் துறையின் தலையில் போட முடியாது.

லினக்ஸ் ஜர்னலின் முதல் இதழ் 1994 மார்ச்சில் வந்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 1.0 பதிப்பு வெளியானதும் அதே மாதம்தான். சந்தா, கடை விற்பனை, முழுப்பக்க விளம்பரம் என்று பழைய பத்திரிகைத் தொழிலின் மூன்று வருமானங்களும் அதற்கு இருந்தன. லினக்ஸ் சர்வர் விற்கும் நிறுவனத்துக்கு, சர்வர்களைப் பராமரிக்கும் ஆட்களைச் சென்றடைய அந்தப் பக்கங்களைவிட நல்ல இடம் கிடையாது. இதழின் உண்மையான சொத்தே அதுதான்: இன்ன வேலை செய்பவர் இங்கே கட்டாயம் இருப்பார் என்ற உறுதி.

இணைய விளம்பர வலைப்பின்னல்கள் அந்தச் சொத்தைத்தான் பறித்தன. லினக்ஸ் ஜர்னலைப் படிக்கும் ஒருவரை, தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் குக்கி என்ற சிறு கோப்பால் அடையாளம் கண்டுகொண்டால் போதும், அவர் வானிலை பார்க்கவோ கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவோ போகும் இடத்தில் அதே விளம்பரத்தை மிகக் குறைந்த விலைக்குக் காட்டிவிடலாம். வாசகரை உருவாக்கிய செலவு இதழுக்கு, அவரைக் காட்டிச் சம்பாதிப்பது வேறொருவர். 2011இல் லினக்ஸ் ஜர்னல் அச்சை நிறுத்தியது. அச்சுப் பிரதிக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் கோபப்பட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. 2017 டிசம்பரில் பணம் தீர்ந்துவிட்டதாக இதழ் விடைபெற்றது. 2018 தொடக்கத்தில் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்ற விபிஎன் (இணையத் தடத்தை மறைக்கும் சேவை) நிறுவனம் காப்பாற்றியது. 2019 ஆகஸ்ட் 7 அன்று மீண்டும் மூடினார்கள், ஊழியர்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். 2020இல் ஸ்லாஷ்டாட் மீடியா அந்தப் பெயரை வாங்கித் தளத்தைத் தொடர்கிறது.

ஒரே புரவலரை நம்பியிருந்த இடைக்காலம்தான் இதில் கவனிக்க வேண்டியது. நல்லெண்ணத்தோடு வந்த புரவலராகவே இருக்கட்டும், அவர் மனம் மாறினாலோ கையில் காசு குறைந்தாலோ இதழுக்கு அடுத்த வாரம் என்பது இல்லை.

விளம்பரத்தையும் தேடுபொறியையும் விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் கதி என்ன என்பதற்கு சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம் போதும். 2020இல் ரெட் வென்ச்சர்ஸ் அதை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2022 நவம்பரில் கடன், வட்டி பற்றிய விளக்கக் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி வெளியிடத் தொடங்கினார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு சரிபார்த்ததில் 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. கூட்டு வட்டிக் கணக்கே தப்பு. தேடுபொறியில் முதலில் வர வேண்டும் என்பது மட்டுமே குறிக்கோளானால் எழுத்தாளர் எதற்கு என்ற கேள்விக்கு அந்த நிர்வாகம் கண்ட விடை அது.

எல்டபிள்யூஎன் 1998 ஜனவரியில் ஜோனதன் கார்பெட்டும் எலிசபெத் கூல்பாவும் தொடங்கிய இணைய வார இதழ். வியாழக்கிழமை தோறும் வரும். இணைய நிறுவனங்களின் மதிப்பு ஊதிப் பெருத்த டாட்காம் குமிழி உடைந்து விளம்பரம் வற்றியதும் 2002இல் இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். யாரும் கேட்காமலேயே வாசகர்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த நன்கொடையை ஒருமுறை வாங்கி ஒப்பேற்றிவிட்டு மறுபடி தள்ளாடியிருக்கலாம். அவர்கள் அதை ஒழுங்கான சந்தாவாக மாற்றினார்கள். அதுதான் இன்றுவரை காப்பாற்றுகிறது.

அந்தச் சந்தா இயங்கும் விதத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். முகப்பில் சில தலைப்புகளுக்கு முன்னால் ஒரு டாலர் குறி இருக்கும். சந்தா இல்லாமல் அதைத் திறந்தால், இது இப்போது சந்தாதாரருக்கு மட்டும் என்ற அறிவிப்பு வரும். அதன் கீழேயே, இன்ன தேதியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கும் என்றும் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் சில நாட்கள் கூடுதல். அவசரமாகப் படிக்க வேண்டியவர் பணம் கட்டுகிறார், பொறுத்திருக்க முடிந்தவர் பொறுத்திருக்கிறார். சந்தாதாரர் ஒரு கட்டுரைக்குத் தனி இணைப்பை உருவாக்கி நண்பருக்கு அனுப்பலாம். அதன் வழியே வருபவருக்கு, ஒரு சந்தாதாரர் இதை உங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார் என்ற வரவேற்பு மேலே தெரியும். மிகக் குறைந்த கட்டணத்துக்குப் 'பட்டினி கிடக்கும் ஹேக்கர்' என்று பெயர். அதிகம் கொடுக்க முடிந்தவர் அதிகம் கொடுக்கலாம். நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்கள் எல்லோருக்கும் மொத்தமாகவும் சந்தா எடுக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரிது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த கெர்னல் வரலாறு யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. பழைய கட்டுரைகள் புதிய வாசகரை அழைத்து வருகின்றன, அவர்களில் சிலர் சந்தாதாரர் ஆகிறார்கள். காப்பகத்தைப் பூட்டி வைக்கும் இதழ்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்டபிள்யூஎன் வாசகர் பெரும்பாலும் அந்த வேலையில் இருப்பவர். கெர்னல் நினைவகத்தை எப்படிக் கையாள்வது என்ற ஒரு விவாதம் எந்தப் பக்கம் போகிறது என்பது அவருடைய அடுத்த மாத வேலையைப் பாதிக்கும். எழுதும் கார்பெட்டோ லினக்ஸ் கெர்னல் ஆவணங்களைப் பராமரிப்பவர், அந்த விவாதங்கள் நடக்கும் அறைகளுக்குள் உட்கார்ந்திருப்பவர். புதிய போன் விமர்சனத்துக்கு இதே உத்தியைப் போட்டால் கையைக் கடிக்கும், ஏனெனில் அந்தச் செய்தி அன்றே வேறு நூறு இடங்களில் கிடைக்கும்.

404 மீடியாவின் கதை வேறு. 2023 மே மாதம் வைஸ் என்ற ஊடக நிறுவனம் திவால் மனு போட்டது. அதன் தொழில்நுட்பப் பிரிவான மதர்போர்டிலிருந்து வெளியேறிய ஜேசன் கோப்லர், இமானுவேல் மைபெர்க், சமந்தா கோல், ஜோசப் காக்ஸ் ஆகிய நால்வரும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு ஆகஸ்டில் இதைத் தொடங்கினார்கள். கட்டிடம் இல்லை, முதலீட்டாளர் இல்லை, கோஸ்ட் என்ற திறமூல மென்பொருளில் ஒரு தளம் மட்டும். சந்தா மாதம் 10 டாலர், ஆண்டுக்கு 100 டாலர் என்று தொடங்கியது. ஆறே மாதத்தில் லாபம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அமெரிக்கக் காவல்துறையினர் ஃப்ளாக் நிறுவனத்தின் வண்டி எண் கேமராக்களைக் குடியேறிகளைத் தேடப் பயன்படுத்துவதை 2025இல் வெளிக்கொண்டுவந்தது இந்தச் சின்னக் குழுதான். நிருபரே உரிமையாளர், உரிமையாளரே நிருபர் என்பதால், விளம்பரதாரர் கோபித்துக்கொள்வார் என்று கட்டுரையைத் தடுக்க மேலே யாரும் இல்லை. மறுபக்கம், நான்கு பேரில் ஒருவர் படுத்தாலும் கால்வாசி இதழ் படுத்துவிடும். வழக்கு ஒன்று வந்தால் தாங்கிக்கொள்ளப் பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவும் கிடையாது. எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான்.

லினக்ஸ் ஜர்னல் பிரதியை விற்றது. எல்டபிள்யூஎன் ஒரு வார முந்துதலை விற்கிறது. 404 மீடியா பல கட்டுரைகளுக்கு முதலில் கேட்பது மின்னஞ்சல் முகவரியை. 2024 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது காரணத்தையும் எழுதினார்கள்: அவர்கள் உழைத்து எழுதியதைத் தானியங்கிகள் உறிஞ்சி, வார்த்தைகளை மாற்றி, வேறு தளங்களில் போட்டுக்கொண்டிருந்தன. எல்டபிள்யூஎன்னும் 2025 தொடக்கத்தில் இதே தொல்லையைப் பற்றி எழுதியது. அங்கே சேதம் வேறு வகை. செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு திரட்டும் நிரல்கள் எண்ணற்ற முகவரிகளிலிருந்து வந்து திறந்த காப்பகத்தைப் புரட்டியெடுக்க, சர்வர் திணறியது. திறந்து வைப்பது என்ற நல்ல குணமே செலவாக மாறுகிறது என்பது கொடுமை.

இப்படியிருந்தும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் வாக்கு எல்டபிள்யூஎன் வழிக்கும் 404 மீடியாவின் உடைமை முறைக்கும் சேர்த்துத்தான். எழுதுபவர்களே உரிமையாளர்களாக இருக்க வேண்டும், சந்தா முதல் வருமானமாக இருக்க வேண்டும், கட்டுரை சில நாட்களில் பொதுவில் திறக்க வேண்டும். விளம்பரம் வந்தால் வரட்டும், சம்பளம் அதை நம்பி இருக்கக் கூடாது.

தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் 2012 முதல் தன்னார்வலர்களின் உழைப்பில், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. எவரும் எடுத்து வெளியிடலாம் என்பதால் கூலி கேட்கவே முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. அத்தகைய ஓர் இதழ் முதல் வாரம் சந்தாதாரருக்கு, பிறகு அதே உரிமத்தில் எல்லோருக்கும் என்று வைத்துக்கொண்டால் கொள்கையும் கெடாது, எழுதுபவருக்கும் ஏதாவது கிடைக்கும். மாதம் ஐம்பது ரூபாயைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியும் யுபிஐ ஆட்டோபே வழியாக 2020 முதல் இருக்கிறது.