வயர்லெஸ் மீட் தெர்மாமீட்டர்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு ஒரு விமர்சனம்

இறைச்சிக்குள் குத்தி வைத்தால் அதன் உள்சூட்டைக் கம்பியில்லாமல் போனுக்கு அனுப்புகிற வயர்லெஸ் மீட் தெர்மாமீட்டர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கிரில்லில் பெரும்பாலும் என்ன போடுவீர்கள்? சிக்கன் டிக்கா, கபாப், விங்ஸ், இறால், மீன் துண்டு, இவைதான் என்றால் வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். முழுக்கோழி, ஆட்டுத்தொடை, பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) என்று மூடியைப் போட்டு மணிக்கணக்கில் வேக விடுகிற ஆள் என்றால் மேலே படியுங்கள்.

நான் இருப்பது டெக்சஸில், டல்லாஸ் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 22 அங்குல வெபர் கெட்டில், கரி அடுப்பு. ஜூலை, ஆகஸ்டில் வெயிலே 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது கரிக்குப் பக்கத்தில் நின்று காவல் காப்பது தண்டனை. நான் இதை வாங்கியது சுவைக்காகவோ துல்லியத்துக்காகவோ இல்லை, ஏசியில் உட்கார்ந்துகொண்டு சமைக்கலாம் என்றுதான். அந்த ஆசை பாதிதான் நிறைவேறியது. மீதிப் பாதி ஏன் நிறைவேறவில்லை என்பது எந்த விளம்பரத்திலும் வராது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெட்டியில் இத்தனை அடி ரேஞ்ச் என்று போட்டிருப்பார்களே, அது திறந்த மைதானத்தில் கிடைக்கிற கணக்கு. வீட்டில் புரோப், அதாவது குத்துகிற அந்தக் குச்சி, இருப்பது இறைச்சிக்குள், இறைச்சியில் முக்கால்வாசி தண்ணீர், புளூடூத் போகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் இரும்பு மூடி, அப்புறம் வீட்டுச் செங்கல் சுவர். இத்தனையும் தாண்டி சோபாவில் கிடக்கிற போனுக்கு அது வந்து சேர வேண்டும். மூடி போட்ட கெட்டிலிலிருந்து என் வீட்டுச் சமையலறை ஜன்னல் வரைக்கும் ஒழுங்காக வரும், ஹாலுக்குப் போனால் விட்டுவிட்டு வரும், மாடிக்கு ஏறினால் போச்சு. புரோப்பைச் சார்ஜ் செய்கிற பெட்டியே சிக்னலை வாங்கி வீட்டு வைஃபைக்கு அனுப்புகிற மாடல்கள் இருக்கின்றன, அதைத்தான் வாங்க வேண்டும். அந்தப் பெட்டியை கிரில்லுக்குப் பக்கத்தில், சூடு படாத தூரத்தில், ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டால் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிடும். சிலர் மூடியின் காற்றுத் துவாரம் புரோப் பக்கம் வருகிற மாதிரி திருப்பி வைக்கிறார்கள், அதுவும் கொஞ்சம் உதவுகிறது. இப்போது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற ரேடியோ அலையில் பேசுகிற புரோப்களும் வந்திருக்கின்றன, சுவரைத் தாண்டுவதில் புளூடூத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பிரிஸ்கெட் போடுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, பாதி வெந்ததும் அலுமினியம் ஃபாயிலில் சுற்றுகிறோமே, சுற்றின அடுத்த நிமிடம் போனில் 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வரும். புரோப்பின் பீங்கான் முனைதான் ஆன்டெனா, அது ஃபாயிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சி சுற்றுகிற புட்சர் பேப்பருக்கு மாறிவிடுங்கள். டெக்சஸில் பாதிப்பேர் எப்படியும் பேப்பர் கட்சிதான்.

புரோப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தானாக அடங்கிவிடும். ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஸ்டீல் குச்சி. கூர் முனையில் இறைச்சியின் உள்சூட்டை அளக்கும் சென்சார், மறுமுனையில் கிரில்லுக்குள் இருக்கும் காற்றின் சூட்டை அளப்பது. பேட்டரியும் மின்னணுச் சாமான்களும் இறைச்சிக்குள் போகிற பாகத்தில் இருக்கின்றன, அந்தப் பாகம் பெரும்பாலான மாடல்களில் 212 ஃபாரன்ஹீட், அதாவது 100 செல்சியஸ் வரைதான் தாங்கும். வெளி முனை 500 ஃபாரன்ஹீட் தாண்டினாலும் தாங்கும். இறைச்சியில் ஈரம் இருக்கிற வரை அது 100 செல்சியஸைத் தாண்டாது, அந்தத் தைரியத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள். அதனால்தான் குச்சியில் ஒரு கோடு போட்டு, அதுவரைக்கும் உள்ளே போக வேண்டும் என்கிறார்கள். அரை அங்குலக் கபாப்பில் அந்தக் கோடு எப்படி மறையும்? மெல்லிய துண்டுகளுக்கு இது ஆகாது என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். நேர் தீக்கு மேலும் வைக்கக் கூடாது, கரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறு பக்கம்தான். வீட்டில் தந்தூர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார், அதற்குள் விடலாமா என்று. வேண்டாம் சாமி, அங்கே சூடு 700, 800 ஃபாரன்ஹீட்டுக்குப் போகும்.

சரி, துல்லியம். இதில் எனக்குக் குறையே இல்லை. ஒரு டம்ளர் நிறைய ஐஸைப் போட்டு, இடுக்கெல்லாம் நிரம்புகிற அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, நடுவில் புரோப்பைப் பிடித்தால் 32 காட்ட வேண்டும், என்னுடையது ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டுகிறது. கொதிநீரில் பார்க்கிறவர்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள், உயரத்தில் இருக்கிற டென்வரில் தண்ணீர் 202, 203லேயே கொதித்துவிடும். கருவி சரியாகத்தான் அளக்கிறது, எந்த இடத்தை அளக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முழுக்கோழியில் கழுத்துப் பக்கமிருந்து நெஞ்சுக்கறியின் தடித்த பாகத்துக்கு நீளவாக்கில் விடுவேன். ஆட்டுத்தொடையில் எலும்பைத் தொட்டால் ஒரு விரல் தள்ளி மறுபடி குத்துவேன், எலும்பை ஒட்டின இடம் சுற்றியுள்ள கறியின் சூட்டைச் சொல்லாது. கம்பஸ்டன் கம்பெனியின் புரோப்பில் ஒரே குச்சியில் 8 சென்சார், எது குளிர்ந்த மையம் என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். என்னுடையதில் அந்த வசதி இல்லை, அதனால் பரிமாறுவதற்கு முன்னால் கையில் பிடிக்கும் சாதாரண தெர்மாமீட்டரால் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பது வழக்கம்.

காற்றுச் சூட்டைக் காட்டும் அந்த இரண்டாவது எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அந்த முனை ஈரமான இறைச்சிக்கு ஓர் அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது, அதனால் உண்மையான கிரில் சூட்டைவிடக் குறைத்தே காட்டும், முக்கியமாக முதல் ஒரு மணி நேரம். மூடியில் பதித்த முள் ஒன்று சொல்லும், இது ஒன்று சொல்லும். இரண்டையும் பார்த்துவிட்டு காற்றுத் துவாரத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் கரிதான் வீணாகும்.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆப் ஒரு கணக்குச் சொல்லும். கோழிக்கு அது அருமை, பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பிரிஸ்கெட்டுக்கு நம்பவே நம்பாதீர்கள். 150இலிருந்து 170 ஃபாரன்ஹீட்டுக்குள் எங்கேயோ வந்து சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும், ஸ்டால் என்கிறார்கள். நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிறதே, அதே கதைதான், மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் கரி தருகிற சூட்டையெல்லாம் தின்றுவிடும். ஆப்புக்கு இது புரியாது. ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது திடீரென்று ஐந்து மணி நேரம் என்னும். விருந்தாளிகளை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தால் கஷ்டம்தான்.

எத்தனை டிகிரியில் எடுப்பது? அமெரிக்க விவசாயத் துறை சொல்வது, கோழி 165 ஃபாரன்ஹீட், ஆடு, மாடு, பன்றி அரைத்த கறியாக இருந்தால் 160, முழுத் துண்டாக இருந்தால் 145ம் அப்புறம் 3 நிமிடம் ஆற விடுவதும். பன்றிக்கறிக்கு 160 என்று இருந்ததை 2011இல்தான் 145 ஆக்கினார்கள். இதெல்லாம் பாதுகாப்புக்கான அளவு, நாக்குக்கான அளவு வேறு. கோழியின் நெஞ்சுக்கறியை 165 தாண்ட விட்டால் வறண்டுவிடும், தொடையோ 175, 180க்குப் போனால்தான் எலும்பைவிட்டு வரும். இந்தியக் கடையில் வாங்குகிற ஆட்டுத்தொடையை இங்குள்ளவர்கள் லேம்புக்கு (இளம் செம்மறிக்கு) சொல்வது போல 145இல் எடுத்தால் ரப்பர். 195க்கு மேல் கொண்டுபோய், நார் எல்லாம் இளகின பிறகு பாருங்கள், மிளகும் சோம்பும் இடித்துத் தடவி முதல் நாள் இரவே ஊற வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

மதுரையிலிருந்து மாமியார் வந்திருந்தபோது ஒரு முழுக்கோழி போட்டேன். தொடையில் 178 காட்டியது. வெட்டி வைத்தால், எலும்பை ஒட்டிச் சிவப்பு. "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க, இது இன்னும் வேகல போல" என்றார். போனை எடுத்து எண்ணைக் காட்டினேன். "நம்பர் கெடக்கட்டும், கண்ணுக்குத் தெரியுதே." இங்கே கடையில் வருவதெல்லாம் சில வாரக் குஞ்சுகள், எலும்பு முழுதாக இறுகியிருக்காது, மஜ்ஜையில் இருக்கும் நிறம் கசிந்து பக்கத்துக் கறியைச் சிவக்க வைக்கும், அது வேகாத கறி இல்லை. நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று விவசாயத் துறையே சொல்கிறது. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அவர் துண்டு கடாய்க்குப் போய், சின்ன வெங்காயமும் மிளகுப்பொடியும் சேர்ந்து வதங்கி வந்தது. நானும் அதைத்தான் சாப்பிட்டேன்.

இப்போது குறைகள். பிராண்ட் பெயர் வேண்டாம். முதல் வருடம் சொக்கத்தங்கம். அப்புறம் சார்ஜ் ஏறாமல் அடம்பிடிக்க ஆரம்பித்தது. புரோப்பில் சார்ஜரைத் தொடுகிற இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் கருகி, பார்த்தால் தெரியாத அளவுக்கு ஒரு படலம். ஈரமான சமையல் சோடாவைத் தேய்த்து, வினிகரால் துடைத்தால் சரியாகிவிடும், இதை ஒவ்வொரு முறையும் சமையல் முடிந்த கையோடு செய்வது நல்லது. பீங்கான் முனை நிரந்தரமாக மஞ்சளாகிவிட்டது, அது பாதகமில்லை. பேட்டரி தேய்வதற்குத்தான் மருந்தே இல்லை. ஆரம்பத்தில் ஒரு நாள் முழுக்கத் தாங்கியது, இப்போது பிரிஸ்கெட் முடிவதற்குள் செத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது. கம்பெனியில் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது, தனிப் புரோப் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், விலை ஏறக்குறைய புது செட் அளவுக்கு. போதாக்குறைக்கு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஆப் கணக்குத் தொடங்கி உள்ளே நுழையச் சொன்னது. கோழி வெந்ததா என்று பார்க்க மின்னஞ்சல் முகவரி எதற்கு?

இதனால் ராத்திரி முழுக்க ஓடுகிற சமையலுக்கு நான் பழைய வயர் வைத்த நான்கு புரோப் செட்டுக்கே திரும்பிவிட்டேன். கேபிள் மூடிக்கு அடியில் நசுங்கும், தண்ணீர் புகுந்தால் தாறுமாறாகக் காட்டும், ஆனால் கேபிள் போனால் பத்துப் பதினைந்து டாலரில் வேறு கேபிள். வயர்லெஸ் இப்போது கோழிக்கும் ஆட்டுத்தொடைக்கும் மட்டும், அந்த வேலைக்கு அதைவிட வசதியானது எதுவும் இல்லை.

கையில் ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், மடக்கி வைக்கிற கைத் தெர்மாமீட்டர் வாங்குங்கள். 20, 30 டாலருக்கே மூன்று நான்கு நொடியில் காட்டுகிற நல்லது கிடைக்கிறது, ஒரு நொடியில் வேண்டுமென்றால் 100 டாலரை ஒட்டி வரும். டிக்காவுக்கும் அதுதான், மீனுக்கும் அதுதான், பால்கோவா கிளறும்போதும் ஜீராவில் கம்பிப் பதம் பார்க்கும்போதும்கூட அதுதான் கையில் இருக்கிறது. வயர்லெஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால், சிக்னலைக் கடத்தும் சார்ஜர் இருக்கிறதா, கணக்கு திறக்காமலும் இன்டர்நெட் இல்லாமலும் ஓடுமா, புரோப் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, இவற்றை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். போனே தேவைப்படாமல், கூடவே வருகிற சின்னத் திரையில் எண்ணைக் காட்டும் மாடல் கிடைத்தால் அதற்கே என் ஓட்டு.

அடுத்து அப்படி ஒன்றைத்தான் இரண்டு புரோப்போடு வாங்குவதாக இருக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி விலை குறையும், இருப்பது அதுவரை ஓடிவிடும் என்று நினைக்கிறேன்.