கவர்னர் நினைத்ததைச் சட்டமாக்க எந்த வழி? டெக்சாஸ், நியூயார்க், விஸ்கான்சின்

அமெரிக்க மாநில கவர்னரை நம்மூர் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஆளுநர் உரையை எழுதிக் கொடுப்பது அமைச்சரவை. அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், கிட்டத்தட்ட நம் முதல்வர் மாதிரி. ஆனால் முதல்வருக்கு இருக்கும் சபைப் பெரும்பான்மை அவருக்கு உறுதியில்லை. அவர் சபையில் உறுப்பினரே கிடையாது. சபை எதிர்க்கட்சியின் கையிலும் இருக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் சபைக்கு ஆற்றும் உரையில் 'என் முன்னுரிமைகள்' என்று பட்டியல் வாசிப்பது எளிது. அதை நிறைவேற்றிக்கொள்ள அவருக்கு என்ன பிடி இருக்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

டெக்சாஸ்: கூட்டும் அதிகாரம்

டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான், அதுவும் 140 நாள். அதற்குப் பிறகு சபையைக் கூட்டக் கவர்னரால் மட்டுமே முடியும். சிறப்புக் கூட்டம் 30 நாள் வரை நடக்கலாம். எதைப் பற்றிச் சட்டம் போடலாம் என்பதையும் அவரே குறிப்பார். கேட்கும்போது சர்வ அதிகாரம் மாதிரித்தான் இருக்கிறது.

2023-இல் கவர்னர் கிரெக் ஆபட் நான்கு சிறப்புக் கூட்டங்கள் கூட்டினார். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டம் அவருடைய முக்கியக் குறி. நவம்பரில் சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 84-63 என்ற கணக்கில் அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து வெட்டி எறிந்தது. எதிர்த்தவர்களில் 21 பேர் அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களே. பெரும்பாலும் கிராமப்புறத் தொகுதிகள். அங்கே அரசுப் பள்ளியை விட்டால் பக்கத்தில் வேறு பள்ளி இருக்காது, பலருக்கு வேலை கொடுப்பதும் அதே பள்ளிதான். சபையைக் கூட்டலாம், கையைப் பிடித்து ஓட்டுப் போட வைக்க முடியாது. 2024 உட்கட்சித் தேர்தலில் அவர்களில் பலரை எதிர்த்து ஆபட்டே பிரச்சாரம் செய்து தோற்கடித்த பிறகுதான், 100 கோடி டாலர் திட்டம் 2025 மே 3-இல் கையெழுத்தானது.

இன்னொரு ஓட்டை, குறைவெண். 150 பேர் சபையில் 100 பேர் இருந்தால்தான் வேலை நடக்கும். 2021-லும் 2025-லும் ஜனநாயகக் கட்சியினர் கூட்டமாக டெக்சாஸை விட்டே வெளியேறினார்கள். கவர்னர் சபையைத் திரும்பக் கூட்ட, இரண்டு முறையும் அவர்களால் பிடிக்காத மசோதாவைத் தாமதப்படுத்தத்தான் முடிந்தது.

நியூயார்க்: பட்ஜெட்டுக்குள் வைத்துக் கட்டுவது

மூன்றில் பலமான பிடி இதுதான் என்பேன். பட்ஜெட் மசோதாவை எழுதுவது கவர்னர். அவர் எழுதிய ஒதுக்கீட்டைச் சபை வெட்டலாம், குறைக்கலாம். தொகையைக் கூட்ட வேண்டுமானால் தனி வரியாகத்தான் சேர்க்கலாம். அதில் அவர் வைத்த நிபந்தனையின் வாசகத்தைத் திருத்த முடியாது. 2004-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் (அங்கே அதன் பெயர் 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்') இதை உறுதிசெய்தது.

எனவே கவர்னர் தன் கொள்கைகளையும் பட்ஜெட் பேரத்துக்குள் இழுத்துவருவார். 2025-இல் கவர்னர் கேத்தி ஹோக்குல் பள்ளிகளில் நாள் முழுக்க செல்போன் தடை, குற்ற வழக்குகளில் ஆதாரம் பகிரும் விதிகளில் மாற்றம் ஆகியவற்றை இப்படித்தான் வாங்கினார். செல்போனுக்கும் வரவு செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தமே இல்லை, அதுதான் உத்தி. ஏப்ரல் 1-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால், அது நிறைவேறும் வரை உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்கும். அரசு ஓடுவதற்கான தற்காலிக நீட்டிப்பு மசோதாக்களை அனுப்புவதும் கவர்னரே. 2010-இல் அப்போதைய கவர்னர் டேவிட் பேட்டர்சன் அந்த நீட்டிப்புகளுக்குள்ளேயே செலவு வெட்டுகளைச் செருகினார். ஏற்காவிட்டால் அரசு அலுவலகங்களைப் பூட்ட வேண்டியதுதான்.

இதற்கு விலை காலம். 2025 பட்ஜெட் மே மாதம்தான் முடிந்தது. பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) தங்கள் பட்ஜெட்டை மே மூன்றாவது செவ்வாய்க்கிழமை மக்கள் ஓட்டுக்கு விட வேண்டும். மாநில உதவி எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாமலே கணக்குப் போட்டன.

விஸ்கான்சின்: அடிக்கும் பேனா

இங்கே நிதி மசோதாவில் கவர்னர் சொற்களையும் எண்களையும்கூட அடிக்கலாம். சொல்லுக்குள் எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவதை 1990-இலும், வாக்கியங்களை ஒட்டவைப்பதை 2008-இலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தடுத்தார்கள். இலக்கங்களைத் தடுக்க மறந்துவிட்டார்கள்.

பள்ளிகள் ஒரு மாணவருக்குத் திரட்டக்கூடிய தொகையை ஆண்டுக்கு 325 டாலர் உயர்த்தலாம் என்று 2023 பட்ஜெட் சொன்னது. '2023-24', '2024-25' என இரண்டே கல்வியாண்டுக்கு. ஜூலை 5 அன்று கவர்னர் டோனி எவர்ஸ் இடையிலிருந்த சில சொற்களோடு '20'-ஐயும் ஒரு சிறு கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2425. இரண்டு ஆண்டு உயர்வு நான்கு நூற்றாண்டு உயர்வாகிவிட்டது. சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தும், கவர்னர் இப்படி அடித்ததை (வீட்டோவை) தூக்கியெறிய இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் பேனாவால் அடிக்கத்தான் முடியும், பணம் எழுத முடியாது. உயர்ந்தது உச்சவரம்பு மட்டும். அதை நிரப்பும் மாநிலப் பொது உதவியைச் சபை 2025-27 பட்ஜெட்டில் உயர்த்தவில்லை. ஆக, பள்ளி மாவட்டங்கள் கைவைக்க மிஞ்சியது டிசம்பரில் வீடு தேடி வரும் சொத்துவரி ரசீதுதான்.