நிறுத்தி வைத்த வண்டி, கழற்றி வைத்த பேட்டரி: ஆறு வருட அனுபவம்

என் வேலை அப்படி. வருடத்தில் இரண்டு தடவையாவது காரை இரண்டு மூன்று மாதம் நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருக்கும். இந்த ஆறு வருடத்தில் முதல் பேட்டரி பதினான்கே மாதத்தில் போனது. இரண்டாவது ஐந்து வருடத்தை நெருங்கியும் ஒரே திருப்பில் செல்ஃப் எடுக்கிறது. இரண்டுமே 45 ஆம்பியர்-மணி கொள்ளளவு, சாதாரண ஆசிட் பேட்டரிதான்.

முதலாவது போன கதை சின்னது. எதையும் கழற்றாமல் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். வண்டி நின்றாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை சகஜம். 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. நான் திரும்பி வந்தது எழுபதாவது நாள். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை. சார்ஜ் ஏற்றி ஓட்டினேன், இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. காலியாகக் கிடக்கும் பேட்டரியில் தட்டுகளின் மேல் ஈய சல்பேட் இறுகிப் போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

அதற்குப் பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கும் பழக்கம் வந்தது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். காரணம் எளிது. வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் எங்கே இடித்தாலும் நேரடி ஷார்ட். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அதே ஸ்பேனர் இடித்தாலும் ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் தெரிந்தே ஒரு தடவை ஏமாந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றும் வேலை. நெகட்டிவைக் கழற்றி ஓரமாக வளைத்து விட்டிருந்தேன். அந்த ஒயர் தடிமனானது, வளைத்த இடத்தில் நிற்காது. நான் கீழே படுத்து நட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது மெதுவாக நிமிர்ந்து போய் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலேயே உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட்டருக்கு வரும் பாசிட்டிவ் ஒயரில் என் வண்டியில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஒரு 'சட்', நீலப் பொறி, ஸ்பேனரின் வாயில் ஒரு சின்னப் பள்ளம். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கழற்றிய ஒயர் முனையில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் செருகி, தள்ளி இழுத்துக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை.

ரிப்பேரில் இன்னும் இரண்டு இடத்தில் இதைக் கட்டாயமாக வைத்திருக்கிறேன். பாடியில் வெல்டிங் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றாமல் விடுவதில்லை. ஸ்டீயரிங் பக்கமோ சீட்டின் அடியிலோ கை வைப்பதென்றால், கழற்றிய பிறகும் உடனே தொடமாட்டேன். ஏர்பேக் சர்க்யூட்டில் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும். வண்டியின் கையேட்டில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வருவேன்.

நடுவில், டெர்மினலில் மாட்டித் திருகினால் இணைப்பு துண்டிக்கும் குமிழ் ஒன்றை வாங்கினேன். ஸ்பேனர் தேவையில்லை, சௌகரியம்தான். இரண்டு வருடம் நன்றாக இருந்தது. அப்புறம் செல்ஃப் சோம்பலாக எடுக்க ஆரம்பித்தது. செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் குமிழின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன்: 0.6 வோல்ட் அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பச்சை பூத்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன். பழைய ஸ்பேனரே மேல்.

நெகட்டிவைக் கழற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நானும் நம்பியிருந்தேன். இல்லை. பேட்டரி தானாகவும் இறங்கும்; சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். 12.65 வோல்ட்டில் விட்டுப் போனது, மூன்று மாத வெயிலுக்குப் பிறகு 12.35-இல் இருந்தது. ஓடி நின்ற உடனே அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும். ஓர் இரவு ஓய்வு கொடுத்துப் பார்க்க வேண்டும். 12.6-க்கு மேல் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி. நான் 12.4-க்குக் கீழே விடுவதில்லை.

இதற்காகத்தான் மூன்று வருடமாக ஒரு தானியங்கி சார்ஜர் வைத்திருக்கிறேன். 14.4 வரை ஏற்றிவிட்டு, தானாக 13.5 பக்கம் இறங்கி அங்கேயே பிடித்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து வந்தாலும் நேற்று நிறுத்திய வண்டி மாதிரி எடுக்கிறது. குறை ஒன்று உண்டு, பெரிய குறை. கரண்ட் போய் வந்தால் அது தானாகத் தொடராது. பட்டனை அழுத்த வேண்டும். ஒரு தடவை நிம்மதியாகப் போய்விட்டு வந்து பார்த்தால் 12.3. நான் கிளம்பிய வாரமே கரண்ட் போயிருக்க வேண்டும். வாங்குபவர்கள் இதை முதலில் சோதித்துப் பாருங்கள்: பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் சார்ஜர் என்ன செய்கிறது?

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும். கிளிப்பை எடுக்கும் முன் சுவிட்சை அணைப்பது முக்கியம். டிஸ்டில்டு வாட்டர் சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்றுவேன். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னாடியே மூடும் அளவுக்கு. டெர்மினலில் வெள்ளை பூத்தால் சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாஸ்லின்.

சார்ஜர் வருவதற்கு முன் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன். அவனும் தவறாமல் செய்தான், பாவம். ஐடிலில் பத்து நிமிடம் ஓடினால் பேட்டரி நிறையாது. சைலன்சரில் தண்ணீர் தேங்கியதுதான் மிச்சம்.

திரும்ப மாட்டியதும் கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும், கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாது, ஐடில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். எல்லாம் ஒரு நாளில் சரியாகிவிடுகிறது. சில வண்டிகளில் ரேடியோ ரகசிய எண் கேட்கும், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிக்கி. என் வண்டியில் அது கரண்ட் இருந்தால்தான் திறக்கும். ஒரு தடவை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போய் வைத்த பிறகுதான் சார்ஜர் டிக்கிக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு கிலோவைத் திரும்பத் தூக்கி வந்து மாட்டி, டிக்கியைத் திறந்து, மறுபடி கழற்றினேன்.