ஊறும் அளவுக்கே ஓடும் மோட்டார்: விஎஃப்டியுடன் ஐந்தரை ஆண்டுகள்

பல்லடம் வட்டாரத்தில் எங்கள் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறு 650 அடி ஆழம் கொண்டது. அதில் 480 அடியில் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் இறங்கியிருக்கிறது. ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் அதன் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் விஎஃப்டியைப் பொருத்தினேன்; எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன்கள் அதை ‘டிரைவ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மின்சாரம் பாதியாகக் குறையும் என்பதைத்தான் விற்றவர் முதலில் சொன்னார். விவசாய இணைப்புக்குக் கட்டணமே இல்லாத தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை. மோட்டார் இழுக்கும் வேகத்துக்குக் கிணறு ஊறவில்லை என்பதே என்னுடைய சிக்கல்.

அப்போதெல்லாம் மோட்டாரைப் போட்டால் 35 நிமிடம் குழாய் நிறையத் தண்ணீர் வரும். பிறகு காற்றும் தண்ணீருமாகக் கக்கத் தொடங்கிவிடும். உடனே நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடியும் போட வேண்டும். ஆள் சற்று அசந்திருந்த இரண்டு சமயங்களில் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் காயில் கருகியது. காயில் கட்டும் செலவைவிட, மோட்டாரை மேலே தூக்கவும் திரும்ப இறக்கவும் வண்டிக்குக் கொடுத்த கூலியும், அந்தப் பத்து நாள் தண்ணீரில்லாமல் கிடந்த இளங்கன்றுகளுமே அதிகம் உறுத்தின.

டிரைவ் செய்யும் வேலை சிக்கலானதாகத் தோன்றினாலும் அடிப்படை எளியது. மோட்டாரின் சுற்று வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. நம் லைனில் வரும் 50 ஹெர்ட்ஸில் இரு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும், மோட்டார் அதைவிடச் சற்றுக் குறைவாக ஓடும். டிரைவ் முதலில் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை டிசியாக மாற்றிக்கொண்டு, பிறகு அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை துண்டித்துத் துண்டித்து, நாம் கேட்கும் அதிர்வெண்ணில் புதிய மூன்று ஃபேஸ் மின்சாரமாக வெளியே தருகிறது. அதிர்வெண்ணைக் குறைக்கும்போது வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவதால் (50 ஹெர்ட்ஸுக்கு 415 வோல்ட் என்றால் 40 ஹெர்ட்ஸுக்கு 332 வோல்ட்) மோட்டார் சூடேறாமல் மெதுவாக ஓடுகிறது.

எவ்வளவு மெதுவாக ஓட்டலாம் என்பதில்தான் நான் முதலில் தவறினேன். வேகத்தை 80 சதவீதமாக்கினால் பம்ப் தரும் தண்ணீர் 80 சதவீதமாகும். ஏற்றும் உயரமோ 64 சதவீதமாகிவிடும். மின்சாரத் தேவை 51 சதவீதத்துக்கு வரும். விற்றவர் சொன்ன ‘பாதி’ இந்தக் கடைசி எண்ணிலிருந்து வந்தது. குழாயின் உராய்வை மட்டும் வெல்ல வேண்டிய இடங்களில், எடுத்துக்காட்டாகக் குளிரூட்டும் நீர் சுற்றிவரும் ஆலைகளில், அந்தக் கணக்கு பெருமளவு பொருந்தும். எங்கள் கிணற்றில் தண்ணீரை 400 அடிக்கு மேல் தூக்கியாக வேண்டும்; மோட்டார் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக அந்த உயரம் ஓர் அடிகூடக் குறையாது. எங்கள் பம்ப் முழு வேகத்தில் அதிகபட்சம் 230 மீட்டர் ஏற்றும். 36 ஹெர்ட்ஸில் அது 119 மீட்டராகச் சுருங்கும். நீர்மட்டம் 122 மீட்டருக்கு, அதாவது 400 அடிக்கு இறங்கியிருக்கும்போது 36இல் வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பொருத்திய இரண்டாம் நாளே தோட்டத்து ஆள் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: “மோட்டார் ஓடுதுங்க, தண்ணி மட்டும் வர்லீங்க.” நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைக் கடந்து செல்லும் தண்ணீர்தான் என்பதால், இது வெறும் ஏமாற்றமாக முடியாமல் மோட்டாருக்கே ஆபத்தாகியிருக்கும்.

அதன்பின் ஒரு வாரம் வாளியும் கடிகாரமுமாகத் தொட்டியருகே நின்று, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக அளந்து பார்த்தேன். 38இல் தண்ணீர் நூலாக இறங்கியது. 43இல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 லிட்டர் வந்தது, கிணறும் அதைத் தாங்கியது. இன்றுவரை பெரும்பாலும் அந்த 43தான். முன்பு ஆறு மணி நேரத்தில் விட்டுவிட்டு ஓட்டிச் சுமார் 16,000 லிட்டர் எடுத்த இடத்தில், இப்போது இடைவிடாமல் ஓட்டி 20,000 லிட்டரை ஒட்டி எடுக்கிறோம். நீர்மட்டம் தொடர்ந்து கீழேயே நிற்பதால் பாறை வெடிப்புகளிலிருந்து ஊற்று சீராக வருகிறது என்பது என் கணிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு 47 வரை ஏற்றுவேன். சித்திரை, வைகாசியில் 41க்கு இறக்குவேன். தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும் என்பதால், அது 7 ஆம்பியருக்குக் கீழே போய்ப் பத்து வினாடி நீடித்தால் டிரைவ் தானே நின்று, அரை மணி கழித்துத் திரும்பவும் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். தண்ணீரில்லாத ஓட்டத்தை இந்த ஓர் அமைப்பே தடுத்துவிடுகிறது. கிணற்றுக்குள் தனியாகச் சென்சார் தொங்கவிடத் தேவைப்படவில்லை.

தொடக்கத்தில் வந்த அதிர்ச்சியும் போய்விட்டது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். குழாய் வரிசையே ஒரு முறை உதறும். இப்போது அந்த உதறல் இல்லை. ஆனாலும் மிக மெதுவாக ஏற்றுவதும் தவறு. அடியிலுள்ள தாங்கு பேரிங்கில் தண்ணீர்ப் படலம் உருவாக ஓரளவு வேகம் தேவை என்பதால், முதல் 30 ஹெர்ட்ஸை இரண்டே வினாடியில் தாண்டி, மீதியைப் பதினைந்து வினாடியில் எட்டும்படி அமைத்திருக்கிறேன்.

பெரிய நட்டம் 14ஆம் மாதத்தில் வந்தது. எர்த் ஃபால்ட், அதாவது மின்கசிவு என்று காட்டி டிரைவ் நின்றது. மோட்டாரை மேலே எடுத்துப் பார்த்தால் காயிலின் இன்சுலேஷன் துளைபட்டிருந்தது. டிரைவ் தரும் மின்சாரம் கூரிய துடிப்புகளால் ஆனது. நீளமான கேபிளின் கடைசியில் அவை திருப்பி எதிரொலித்து, மோட்டார் முனையில் ஏறத்தாழ இரு மடங்கு வோல்ட்டேஜாக எழும். எங்கள் கேபிள் 500 அடிக்கு மேல். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில், அந்தத் துடிப்புகளின் கூர்மையைத் தணிக்கும் கம்பிச்சுருளான சோக் போட வேண்டும் என்பதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டேன். சோக் போட்டபின் நான்கு ஆண்டுகளாக மோட்டார் கிணற்றைவிட்டு வெளியே வரவில்லை. இன்னொன்று: பவர் ஃபேக்டருக்காக மோட்டாரோடு சேர்த்திருந்த பழைய கெபாசிட்டரை டிரைவின் வெளிவரும் பக்கத்தில் விட்டுவைக்கக் கூடாது. டிரைவைப் பொருத்திய அன்றே எங்கள் எலக்ட்ரீஷியன் அந்தக் கெபாசிட்டரைக் கவனித்துக் கழற்றியதால் டிரைவ் பிழைத்தது.

மற்றவை சிறு தொல்லைகள். தகரக் கூரையுள்ள மோட்டார் ரூமில் முதல் கோடையில் சூடு அதிகமாகி டிரைவ் அடிக்கடி நின்றது. வடக்குச் சுவருக்கு மாற்றி, மேலும் கீழும் வலையடித்த காற்றுவழி விட்டதும் சரியாயிற்று. அந்த வலை பல்லிக்கும் சேர்த்துத்தான். குளிர்விக்கும் ஃபேனை நான்காம் ஆண்டில் மாற்றினேன். உள்ளே தூசி தட்டுவதற்கு முன் மெயினை அணைத்து, சார்ஜ் விளக்கு முழுவதும் அணையும்வரை பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் 580 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். டிரைவ் ஓடும்போது பக்கத்தில் வானொலி மட்டும் கேட்க முடிவதில்லை, ஒரே இரைச்சல்.

சோக் உட்பட எனக்கு 38,000 ரூபாய் ஆயிற்று. ஊற்றுக் குறைந்த கிணறு உள்ளவர்களுக்கு அது வீண் செலவாகாது. அண்மையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் புதுக் கிணற்றுக்கும் வாங்கலாமா என்று கேட்டார். முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓட்டியும் அவர் கிணற்றில் நீர்மட்டம் இருபது அடிகூட இறங்குவதில்லை. நல்ல ஸ்டார்ட்டரும், ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.