நாப்கின்: வீட்டுக்குக் கொடுப்பதா, பள்ளியில் வைப்பதா?

தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 6 நாப்கின். வீட்டுச் செலவு மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பாடத்தின் நடுவே திடீரென மாதவிடாய் வந்துவிட்டால், வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட் என்ன செய்யும்? துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு, தோழியைப் பின்னாலேயே நடந்து வரச் சொல்ல வேண்டியதுதான்.

பள்ளியில் வைத்தால் அந்தக் கஷ்டம் இல்லை. எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். பீரோவில் பூட்டி, "டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொள்" என்றால் பலர் கேட்கவே மாட்டார்கள். சரி, இயந்திரம்? சில்லறை வேண்டும், நிரப்ப ஆள் வேண்டும். கழிவறைக்குள்ளேயே மூடி போட்ட டப்பா போதும். பக்கத்தில் ஒரு குப்பைக்கூடை, குழாயில் தண்ணீர். என் ஓட்டு டப்பாவுக்கே. மாதம் முழுவதற்கும் அது போதாது என்றாலும்.